கடன் வாங்கித் தனியார் பட்டப்படிப்பில் சேர்க்கலாமா?

உயர்தரப் பரீட்சையில் சித்தியடைந்தும் இசட் புள்ளி (அரச பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கும் தரப்படுத்திய புள்ளி) போதாத மகளை, நகையை அடகு வைத்துக் கொழும்பில் தனியார் நிறுவனமொன்றில் சேர்க்கலாமா என்று ஹட்டனிலிருந்து கேட்டிருக்கிறீர்கள்.

அரச பல்கலைக்கழக வாய்ப்பு முழுமையாக மூடிவிட்டதா என்பதை முதலில் உறுதிசெய்யுங்கள். உங்கள் நுவரெலியாவும் அயலிலுள்ள பதுளையும் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கான சிறப்பு ஒதுக்கீட்டில் அடங்குவதால், வெட்டுப்புள்ளி கொழும்பைவிடக் குறைவாக அமைவதுண்டு. மீண்டும் ஒருமுறை பரீட்சை எழுதுவதே பல குடும்பங்களுக்கு மிக மலிவான வழி என்பது என் உறுதியான எண்ணம். அரச பல்கலைக்கழகத்தில் முதற்பட்டத்துக்குக் கற்கைக் கட்டணம் இல்லை. தகுதியுள்ளோருக்கு மகாபொல உதவித்தொகையும் கிடைக்கும்.

தனியார் படிப்பென்றால், விளம்பரத்தில் உள்ள தொகையோடு நிற்காமல் பதிவு, பரீட்சை, விடுதி, உணவு, பயணச் செலவுகளையும் கூட்டிப் பாருங்கள். வெளிநாட்டுப் பட்டத்துக்குக் கட்டணத்தின் ஒரு பகுதியைப் பிரித்தானியப் பவுண் போன்ற வெளிநாட்டு நாணயத்தில் செலுத்த நேர்ந்தால் கூடுதல் கவனம் வேண்டும்; 2022இல் ரூபாய் சரிந்தபோது, டொலர் சில மாதங்களில் ஏறத்தாழ 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய்வரை உயர்ந்தது. பட்டத்துக்குப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அங்கீகாரம் உண்டா என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கடன் தவிர்க்க முடியாததெனில், அடகுக்கடைக்குச் செல்லுமுன் அரசின் வட்டியில்லா மாணவர் கடனுக்கு விண்ணப்பியுங்கள். அது குறிப்பிட்ட நிறுவனங்களின் குறிப்பிட்ட பட்டங்களுக்கு மட்டுமே உரியது. வேலை செய்துகொண்டே படிக்க மகள் விரும்பினால், தவணையாகக் கட்டணம் செலுத்தக்கூடிய திறந்த பல்கலைக்கழகத்தையும், ஆசிரியத் தொழிலை விரும்பினால் பத்தனை ஸ்ரீபாத கல்வியியல் கல்லூரியின் முழுநேர ஆசிரியர் பயிற்சியையும் ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே முற்பணம் கட்டுங்கள்.