வேலையும் பார்க்காமல், வேலையும் தேடாமல் இருப்பவர்கள் ஒரு நாட்டில் எத்தனை பேர் என்று எப்படி அளக்கிறார்கள்?

அவர்களை யாரும் நேரடியாக எண்ணுவதில்லை. கழித்தது போக மிஞ்சுவதுதான் அந்தக் கணக்கு. 15 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் வேலை பார்க்கிறவர்களை முதலில் எடுத்துவிடுங்கள். வேலை இல்லை, ஆனால் தேடுகிறார், கிடைத்தால் நாளைக்கே போவார் என்பவர்களையும் எடுத்துவிடுங்கள். இந்த இரண்டு கூட்டமும் சேர்ந்ததுதான் தொழிலாளர் படை. வேலையில்லாதவரும் அதற்குள்தான் சேர்த்தி, பலர் குழம்புவது இங்கேதான். மிச்சம் இருக்கிற மாணவர், இல்லத்தரசி, பென்ஷன்காரர், உடம்புக்கு முடியாதவர் எல்லாம் வெளியே.

இந்தியாவில் 2017 ஏப்ரலில் தொடங்கிய பி.எல்.எஃப்.எஸ். என்ற அரசுத் தொழிலாளர் படை சர்வேதான் இதற்கு ஆதாரம். 2023-24 அறிக்கைப்படி தொழிலாளர் படைக்குள் இருப்பவர்கள் 60.1 சதவீதம். பெண்களை மட்டும் எடுத்தால் 41.7. நகரத்துப் பெண்கள் என்றால் 28தான். நகரத்தில் நூறு பெண்களுக்கு 72 பேர் வெளியே.

சரி, இந்த 72 எப்படி வருகிறது? தாராவியில் என் அத்தை வீட்டு வாசலில் ஒருநாள் பார்த்தேன்.

சர்வேக்காரர் கையில் டேப்லெட்டோடு வந்தார். மராட்டிக்காரர், ஹிந்தியில் கேட்டார். நான் நடுவில் நின்று தமிழில் சொன்னேன். மாமா சைக்கிளில் இட்லி விற்பவர். அவருக்குச் சொந்தத் தொழில், சர்வே குறியீட்டில் எண் 11. சிக்கல் இல்லை. அடுத்து அத்தை. "என்ன வேலை செய்றீங்க?" அத்தை சிரித்தார். "நான் என்ன வேலைக்கா போறேன்? வீட்டுலதான் கெடக்கேன்."

இதை அப்படியே சொல்லியிருந்தால் 92, வீட்டு வேலை மட்டும் செய்பவர் என்று போட்டிருப்பார். ஆனால் அரிசி ஊறப்போடுவது, கிரைண்டரில் அரைப்பது, ராத்திரி மூன்று மணிக்கு எழுந்து ஈடு ஈடாக அவித்து இறக்குவது, சட்னி எல்லாம் அத்தைதான். மாமா ஹாரனை அமுக்கிக்கொண்டு கிளம்பும் நேரத்தில் அத்தைக்கு அரை நாள் வேலை முடிந்திருக்கும். அதை எடுத்துச் சொன்னேன். சர்வேக்காரர் எண்ணை 21 ஆக்கினார், குடும்பத் தொழிலில் சம்பளமில்லாமல் உதவுபவர். ஒரே வாக்கியத்தில் அத்தை உள்ளே வந்துவிட்டார்.

இதற்கான அளவுகோல் ஒன்றும் கடினமில்லை. வாரக் கணக்கில், கடந்த ஏழு நாளில் ஏதாவது ஒருநாள் ஒரு மணி நேரம் வேலை செய்திருந்தாலே போதும். வருடக் கணக்கில், பெரும்பாலான நாள் என்ன செய்தார் என்று பார்ப்பார்கள். அதில் விட்டுப்போனாலும், 30 நாளாவது துணை வேலை செய்திருந்தால் சேர்த்துக்கொள்வார்கள். அமெரிக்காவில் அத்தை மாதிரி சம்பளமில்லாமல் உதவுபவர் வாரத்துக்கு 15 மணி நேரம் வேலை செய்திருக்க வேண்டும். எங்கள் அத்தை அதை மூன்று நான்கு நாளில் தாண்டிவிடுவார்.

ஊரில் இருக்கும் சித்தி கதை வேறு. ஓர் எருமை வளர்க்கிறார், பால் வீட்டுக்கு மட்டும்தான். நம் சர்வேயில் அதுவும் உழைப்பு, ஆகவே சித்தி உள்ளே. 2013-இல் சர்வதேசப் புள்ளியியலாளர்கள் மாநாடு வகுத்த இலக்கணப்படி, சொந்த உபயோகத்துக்கு மட்டும் உற்பத்தி செய்வது வேலைவாய்ப்பில் சேராது, சித்தி வெளியே. கிராமத்துப் பெண்களின் விகிதம் 47.6, நகரத்தில் 28 என்று இவ்வளவு இடைவெளி இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அதனால் நாடுகளை ஒப்பிடும்முன் எந்த இலக்கணம் என்று பாருங்கள்.

இன்னொன்று: பல நாட்டு இலக்கணப்படி, வேலை தேடித் தேடி அலுத்துப்போய் ஒருவர் தேடுவதை நிறுத்தினால் அவரும் வெளியே போய்விடுவார். வேலையின்மை விகிதம் என்பது தொழிலாளர் படைக்குள் வேலையில்லாதவர் எத்தனை சதவீதம் என்ற கணக்கு, அதனால் யாருக்கும் வேலை கிடைக்காமலே அது இறங்கும். செய்தியில் அந்த ஓர் எண்ணை மட்டும் போட்டு வாதாடுபவர்களை நான் நம்புவதில்லை.

2024 வரை நகரத்தில் ஒரே வீட்டுக்கு மூன்று மாதம் கழித்து மறுபடி வந்தார்கள். அந்தத் தடவை நான் ஆபீஸில் இருந்தேன். என்ன சொன்னீங்க என்று சாயங்காலம் அத்தையிடம் கேட்டேன். கிரைண்டரில் மாவை வழித்துக்கொண்டே, "எனக்குக் கை ஒழியல, மாமாதான் பதில் சொன்னாரு" என்றார். மாமாவைப் பார்த்தேன்.

"வீட்டம்மா வீட்டுலதான் இருக்கானு சொன்னேன், வேற என்ன சொல்ல?"