கிணற்றுக்கும் கடலுக்கும் எந்த லென்ஸ்?

கேள்வி: பொள்ளாச்சிப் பக்கம் எங்கள் தோட்டம். கிணற்றில் நீச்சல் பழகியவன். இரண்டு முறை அந்தமான் ஹேவ்லாக்கில் ஸ்கூபா போய்வந்த பிறகு தண்ணீருக்குள் படம் எடுக்கும் ஆசை வந்துவிட்டது. கேனான் ஃபுல் ஃபிரேம் மிரர்லெஸ் கேமராவும் அதற்கான ஹவுசிங்கும் (நீர் புகாத கூடு) வாங்கியாயிற்று, லென்ஸ்தான் பாக்கி. கோவைக் கடைக்காரர் 16-35 மி.மீ. வைட் ஜூம் லென்ஸைக் காட்டி, "16-35 எடுத்துக்குங்க, கல்யாண வீட்டுக்கும் ஆகும்" என்கிறார். டைவிங் நண்பர், மிக அகலமாகவும் வளைத்தும் காட்டும் ஃபிஷ்ஐ லென்ஸ் என்கிறார். கோடை விடுமுறையில் அக்கா பிள்ளைகள் கிணற்றில் நீச்சல் பழகுவதையும் எடுக்க வேண்டும். எதை வாங்கட்டும்?

பதில்: ஃபிஷ்ஐ வாங்குங்கள். தரையில் படம் எடுக்க என்றால் கடைக்காரர் சொல்வது சரி. தண்ணீருக்குள் கணக்கு வேறு. அங்கே நீங்கள் வாங்குவது லென்ஸை மட்டும் இல்லை, அதற்கு முன்னால் மாட்டும் கண்ணாடியையும் சேர்த்துத்தான்.

தட்டையான கண்ணாடி மாட்டினால் ஒளி வளைந்து, 16 மி.மீ. லென்ஸின், மூலைக்கு மூலை 107 டிகிரி பார்வை சுமார் 75 டிகிரியாகச் சுருங்கிவிடும். ஓரங்களில் நிறமும் பிரியும். அதனால்தான் அரைக்கோள வடிவ டோம் மாட்டுகிறோம். டோம் அகலத்தைத் திருப்பித் தந்துவிடும், ஆனால் வேறொரு வேலையும் செய்யும். எதிரே தொலைவில் இருப்பதெல்லாம், டோமுக்கு முன்னால் அதன் ஆரத்தைப்போல் மூன்று மடங்கு தூரத்துக்குள் ஒரு பிம்பமாக வந்து நிற்கும். டோமின் ஆரம் 7 செ.மீ. என்றால் 21 செ.மீ.க்குள் மொத்தக் கடலும் அடங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் லென்ஸ் அந்தக் கிட்டத்தில் ஃபோகஸ் ஆக வேண்டும். போதாததற்கு அந்தப் பிம்பம் கிண்ணம்போல் வளைந்தும் இருக்கும்.

16-35 போன்ற ரெக்டிலீனியர் லென்ஸ் நேர்கோட்டை நேர்கோடாகவே காட்டும். அது எதிர்பார்ப்பது தட்டையான காட்சி. வளைந்த பிம்பத்தைக் கொடுத்தால் நடுவில் கூர்மையாகவும் மூலைகளில் குழம்பியும் எடுக்கும். இதைச் சரிக்கட்ட 230 மி.மீ. விட்டமுள்ள பெரிய டோம் வேண்டும், அபர்ச்சரையும் (ஒளி நுழையும் துளை) எஃப்/11, எஃப்/16 என்று சுருக்க வேண்டும். நான் ஒருமுறை 16-35-ஐச் சின்ன டோமோடு வாடகைக்கு எடுத்துப் போனேன். கொடுத்தவர் "ஒன்றும் ஆகாது" என்றார். திரும்பி வந்து பார்த்தால் படத்துக்குப் படம் மூலையில் இருந்த பவளமெல்லாம் இழுத்துத் தேய்த்த மாதிரி இருந்தது. ஒரு பயணமே வீண். அந்த வருத்தம் உங்களுக்கு வேண்டாம்.

ஃபிஷ்ஐ அந்த வளைந்த பிம்பத்தோடு ஒத்துப்போகும். கேனான் 8-15 ஃபிஷ்ஐ சுமார் 16 செ.மீ. கிட்டத்திலேயே ஃபோகஸ் ஆகும். 16-35 எஃப்/4-க்கு 28 செ.மீ. வேண்டும். 100 அல்லது 140 மி.மீ. டோமே ஃபிஷ்ஐக்குப் போதும். விலை குறைவு, பெட்டியில் இடம் குறைவு, நீருக்குள் மேலே மேலே தூக்கி மணிக்கட்டை நோகடிக்கவும் செய்யாது. 8-15, கேனானின் பழைய டிஎஸ்எல்ஆர் கேமராக்களுக்கான இஎஃப் மவுண்ட் லென்ஸ் என்பதால் உங்கள் கேமராவுக்கு அடாப்டர் வேண்டும். இன்னொன்று: ஃபுல் ஃபிரேமில் 8-ல் வட்டப் படம் வரும், 15-ல் ஃபிரேம் நிறையும், நடுவில் எங்கே வைத்தாலும் மூலை கருத்துவிடும். ஆக, நீங்கள் 15-லேயே வைத்து எடுக்கப்போகிறீர்கள். ஹவுசிங்குக்கு வெளியிலிருந்தே ஜூமைத் திருப்ப உதவும் ஜூம் கியரின் செலவை இப்போதைக்குத் தள்ளிப்போடலாம். ஹவுசிங்குக்கும் டோமுக்கும் நடுவே மாட்டும் எக்ஸ்டென்ஷன் ரிங்கில் மட்டும் செலவை மிச்சம் பிடிக்காதீர்கள். அடாப்டர், லென்ஸ், டோம் மூன்றுக்கும் சேர்த்து எத்தனை மி.மீ. ரிங் என்று ஹவுசிங் கம்பெனியின் அட்டவணையில் பார்த்துவிட்டே பணம் கட்டுங்கள்.

எல்லாம் வளைந்து தெரியுமே என்று கேட்பீர்கள். பவளத்திலும் மீன் கூட்டத்திலும் நேர்கோடு ஏது? அகலம் கிடைப்பதால் ஒரு முழத்துக்குள் நெருங்க முடிகிறது. நடுவில் தண்ணீர் குறையக் குறைய நிறமும் தெளிவும் கூடும். மங்கலான கிணற்றுத் தண்ணீரில் இந்த ஒன்றுக்காகவே ஃபிஷ்ஐ வேண்டும்.

கிணறு வட்டமா சதுரமா என்று நீங்கள் சொல்லவில்லை. நம் பக்கத்துப் பெரிய சதுரக் கிணறு என்றால் கல்வரிசையும் படியும் வளையத்தான் செய்யும். ஃபிரேமின் நடுப்புள்ளி வழியாகப் போகும் கோடு வளையாது. முக்கியமான வரிசையை அங்கே வையுங்கள். பிள்ளையை நடுவில், கை நீட்டும் தூரத்தில் நிறுத்துங்கள். இன்னும் கிட்டே போனால் மூக்கு புடைக்கும். ரெக்டிலீனியரிலும் ஓரத்தில் நிற்கும் பிள்ளையின் தலை நீண்டுவிடும்.

அப்புறம், ஒரு படத்தைக் கட்டாயம் எடுங்கள். நீருக்குள்ளிருந்து நேர் மேலே பார்த்தால் வெளியுலகம் முழுக்கச் சுமார் 97 டிகிரி வட்டத்துக்குள் தெரியும். கிணற்று மேடு, எட்டிப் பார்க்கும் அம்மா, சாய்ந்த தென்னை, முதுகில் கேன் கட்டிக் குதிக்கும் பிள்ளை எல்லாம் அந்த ஒரே வட்டத்தில். நாமெல்லாம் சுரைப்புருடை கட்டிக் குதித்தபோது அதை எடுத்துவைக்க யாரிடமும் கேமரா இல்லை. 16 மி.மீ. ரெக்டிலீனியர் உயரவாக்கில் 74 டிகிரிதான் பார்க்கும், வட்டம் மேலும் கீழும் வெட்டுப்படும். 15 மி.மீ. ஃபிஷ்ஐயில் கிட்டத்தட்ட முழுதாகவே விழும். நீங்கள் கேமராவைப் பார்த்துக்கொண்டிருக்கும் நேரத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள நீச்சல் தெரிந்த இன்னொருவர் கயிற்றோடு மேலே இருக்க வேண்டும். இது இல்லாமல் இறங்காதீர்கள்.

கிட்டே வராத சுறா, மான்டா திருக்கை, மூழ்கிய கப்பலின் நேரான உள்ளறை ஆகியவற்றுக்காகவே போகிறவர் என்றால் 16-35-ம் பெரிய டோமும் வாங்கச் சொல்லியிருப்பேன். கல்யாண வீட்டுக்கு ஒரு வைட் லென்ஸ் பிறகு தனியாக வாங்கிக்கொள்ளலாம்.

கேள்வி: ஈரோட்டில் பழைய அக்ரிலிக் டோம் ஒன்று பாதி விலைக்கு வருகிறது. கீறல் இருக்கிறது. வாங்கலாமா?

பதில்: கீறல் வெளிப்பக்கமா உள்பக்கமா என்று நகத்தால் தடவிப் பாருங்கள். வெளிப்பக்கச் சின்னக் கீறலைத் தண்ணீரே நிரப்பி மறைத்துவிடும். அக்ரிலிக் என்பதால் தேய்த்துப் பாலிஷும் போடலாம். கண்ணாடி டோமில் அது எளிதில் நடக்காது. உள்பக்கக் கீறலுக்குப் பின்னால் காற்றுதான் இருக்கிறது, சூரியன் எதிரே வந்தால் பளிச்சென்று தெரியும். அப்படி இருந்தால் வேண்டாம். நீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங் உட்காரும் பள்ளத்தில் தெறிப்பு இருந்தாலும் வேண்டாம். கேமராவை வெளியே வைத்துவிட்டு, வெறும் ஹவுசிங்கில் அந்த டோமை மாட்டி ஒருமுறை நீரில் முக்கிப் பார்ப்பது அவசியம்.

கேள்வி: ஆன்லைனில் 'இந்திய வாரண்டி உண்டு' என்று போட்டிருந்த லென்ஸை வாங்கினேன். வந்த பெட்டியில் வாரண்டி அட்டையே இல்லை. விற்றவர் மும்பைக்காரர், நான் இருப்பது திருப்பூர்.

பதில்: விளம்பரப் பக்கத்தை இன்றே படம் பிடித்து வையுங்கள். பில்லில் உள்ள சீரியல் நம்பரும் லென்ஸில் உள்ளதும் ஒன்றா என்று பாருங்கள். விற்றவருக்கு எழுத்தில் புகார் அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், மும்பைக்கு அலைய வேண்டியதில்லை. கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமும் கிடையாது.