மகனுக்குப் பத்தாம் வகுப்பு, எனக்கு ப்ரமோஷன்: எதை விடுவது?

கேள்வி: எனக்கு 38 வயது. திருச்சியில் ஒரு பொதுத்துறை வங்கியில் ஸ்கேல் 2 அதிகாரி. 2011-ல் வேலைக்குச் சேர்ந்தேன். இப்போது ஸ்கேல் 3-க்குத் தேர்வாகியிருக்கிறேன். போஸ்டிங் விஜயவாடா பக்கம் இருக்கும் என்கிறார்கள். மகன் ஜூனில் பத்தாம் வகுப்பு போகிறான். மாமியாருக்கு மூட்டு ஆபரேஷன் முடிந்து நான்கு மாதம்தான் ஆகிறது. ஸ்டேட் பேங்க் தலைவராக இருந்த அருந்ததி பட்டாச்சார்யாவின் பேட்டி ஒன்றைப் பார்த்துவிட்டு, போகலாம் என்று தோன்றியது. கணவரோ, “அவங்க மாதிரி பெரிய இடத்துல இருக்கறவங்களுக்கு எல்லா வசதியும் இருக்கும், நமக்கு அது சரிப்படாது” என்கிறார். இனி ப்ரமோஷனே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடலாமா?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருச்சி

பதில்:

எழுதிக் கொடுக்காதீர்கள். குறைந்தபட்சம் இந்த மாதம் வேண்டாம்.

உங்கள் கணவர் சொன்னதிலிருந்தே ஆரம்பிக்கிறேன். அருந்ததி பட்டாச்சார்யா ஸ்டேட் பேங்க்கின் தலைவரானது 2013 அக்டோபரில். அந்த வங்கியின் இரு நூற்றாண்டு வரலாற்றில் அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் பெண் அவர்தான். ஆனால் அவர் 1977-ல் புரொபேஷனரி அதிகாரியாக, அதாவது பயிற்சி நிலை அதிகாரியாக, உள்ளே வந்தவர். நடுவில் 36 வருடம் இருக்கிறது. நீங்கள் பார்க்க வேண்டியது தலைவர் அருந்ததியை அல்ல, அந்த நடுப்பகுதியில் இருந்த அதிகாரியை. லக்னோவுக்கு மாற்றலாகிப் போனபோது மகளுக்கு நல்ல பள்ளியில் இடம் கிடைக்காமல் வேலையையே விட்டுவிடலாம் என்று முடிவெடுக்கும் அளவுக்குப் போனதை அவரே சொல்லியிருக்கிறார். மூத்த அதிகாரி ஒருவர் தடுத்திருக்கிறார். அன்று அவர் கேட்டதும் பிள்ளைக்கு ஒரு ஸ்கூல் சீட்தான். அப்போது அவர் இன்னும் பெரிய இடத்துக்கு வந்திருக்கவில்லை.

இன்னொன்றும் உங்களுக்குத் தெரிய வேண்டும். பெண்கள் வேலையை விடும் கட்டங்கள் எவை என்று அவர் பேசும்போது, குழந்தை பிறப்பு, பிள்ளைகளின் பொதுத்தேர்வு, வீட்டுப் பெரியவர்களின் உடல்நிலை இவற்றைத்தான் சொல்வார். உங்கள் கடிதத்தில் அவற்றில் இரண்டு ஒரே நேரத்தில் வந்து நிற்கின்றன! இது உங்கள் தனிப்பட்ட பலவீனம் இல்லை என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? அதற்காகத்தான் குழந்தை வளர்ப்புக்கும் பெரியவர்களைக் கவனிக்கவும் பெண் ஊழியர்கள் இரண்டு வருடம் வரை விடுப்பு எடுத்துவிட்டுத் திரும்பி வரலாம் என்ற ஏற்பாட்டை அவர் காலத்தில் ஸ்டேட் பேங்க் கொண்டுவந்தது. வாராக் கடன் கழுத்தை நெரித்த காலம் அது. ஐந்து துணை வங்கிகளையும் பாரதிய மகிளா வங்கியையும் 2017 ஏப்ரலில் ஸ்டேட் பேங்க்கோடு இணைத்த வேலையும் அவர் தலையில்தான் இருந்தது. அத்தனைக்கும் நடுவில் இதற்கும் இடம் கொடுத்தார் என்பதுதான் எனக்கு அவரிடம் மிகவும் பிடித்த விஷயம்.

பெண்களின் வேலையைக் குடும்ப விஷயமாக மட்டும் பார்ப்பதை நான் ஏற்கவில்லை. 2023-24 தொழிலாளர் கணக்கெடுப்புப்படி, 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் ஆண்கள் 78.8 சதவீதம் பேர் வேலை பார்த்தார்கள் அல்லது வேலை தேடினார்கள், பெண்கள் 41.7 சதவீதம். 2017-18-ல் பெண்களின் விகிதம் 23.3 தான், ஆகவே ஏறியிருக்கிறது. ஆனால் அந்த ஏற்றத்தில் பெரும்பங்கு கிராமத்துச் சுயதொழிலும் சம்பளமில்லாத குடும்ப உழைப்பும். கடன் கோப்பைப் படித்து நல்லது கெட்டது சொல்லத் தெரிந்த, பத்து வருடத்துக்கு மேல் அனுபவமுள்ள ஓர் அதிகாரி ஒதுங்கிக்கொண்டால், அது வங்கிக்கும் ஊருக்கும் நஷ்டம்தான்.

சரி, பணத்துக்கு வருவோம். வீட்டில் யாரும் இதைக் கணக்குப் போட்டிருக்க மாட்டார்கள். 2010 ஏப்ரலுக்குப் பிறகு சேர்ந்தவர் என்பதால் நீங்கள் என்.பி.எஸ் என்ற தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் இருக்கிறீர்கள். அடிப்படைச் சம்பளம், அகவிலைப்படி இரண்டையும் சேர்த்து உங்கள் பங்கு 10 சதவீதம், வங்கியின் பங்கு 14 சதவீதம். ப்ரமோஷனால் அந்தத் தொகை ஒரு பேச்சுக்கு 10,000 ரூபாய் கூடினால், மாதம் 2,400 ரூபாய் உங்கள் ஓய்வுக்காலக் கணக்கில் அதிகமாக விழும். 60 வயது வரை 22 வருடத்துக்கு, முதலீட்டு வளர்ச்சி எதையும் சேர்க்காமலேயே 6 லட்சத்தைத் தாண்டும். கையில் வரும் சம்பளம் தனி. பத்தாம் வகுப்பு ஒரு வருடத்தில் முடிந்துவிடும், இந்த வித்தியாசம் உங்கள் முதுமை வரை வரும்.

ஆகவே, ப்ரமோஷனை ஏற்றுக்கொண்டு இடத்துக்காகப் போராடுங்கள் என்பதுதான் என் கருத்து. திருமணமான பெண் ஊழியர்களை முடிந்தவரை கணவர் வேலை பார்க்கும் ஊரிலோ அதன் அருகிலோ பணியமர்த்த வேண்டும் என்று மத்திய நிதிச் சேவைகள் துறை 2014-லேயே பொதுத்துறை வங்கிகளுக்கு எழுதியிருக்கிறது. அது உரிமை ஆகாது. நிர்வாகம் முடியாது என்றும் சொல்லலாம். ஆனாலும் அதைக் குறிப்பிட்டு, மாமியாரின் மருத்துவச் சான்றையும் மகனின் பள்ளிக் கடிதத்தையும் இணைத்து எழுத்துமூலம் கேளுங்கள். வாயால் சொல்வது கோப்பில் ஏறாது. சங்கத்தில் இருந்தால் அவர்களிடமும் ஒரு நகல் கொடுங்கள். அப்புறம், மறுத்தால் எத்தனை வருடம் அடுத்த தேர்வில் உட்கார முடியாது, நீண்ட விடுப்பு உங்கள் வங்கியில் உண்டா, அந்தக் காலத்தில் சம்பளமும் என்.பி.எஸ் பங்கும் என்னவாகும் என்பதையும் மனிதவளப் பிரிவிடம் கேட்டு வாங்குங்கள். விதி வங்கிக்கு வங்கி மாறும். விடுப்பு பெரும்பாலும் சம்பளமில்லாததுதான், அதனால் அதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள்.

கடிதத்தில் ஒன்றை நீங்கள் எழுதவே இல்லை. விஜயவாடாதான் என்று முடிவானால், உங்கள் கணவர் என்ன செய்வார்? மாமியாரை பிசியோதெரபிக்கு அழைத்துப் போவது யார், மகன் டியூஷன் முடிந்து வரும்போது வீட்டில் இருப்பது யார், சமையலுக்கு ஆள் வைக்க எவ்வளவு ஆகும்? இவற்றையெல்லாம் நீங்கள் மட்டும் மனசுக்குள் சுமந்துகொண்டு முடிவெடுக்கிறீர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. மகனையும் கேளுங்கள், பதினான்கு வயதுப் பையனுக்குச் சொந்தமாக ஓர் அபிப்பிராயம் இருக்கும். இந்த ஞாயிற்றுக்கிழமை மாமியாரையும் உட்கார வைத்து நான்கு பேரும் பேசுங்கள். மேலே சொன்ன கணக்கைத் தாளில் எழுதி முதலில் கணவர் கையில் கொடுங்கள். அதன் பிறகும் அவர் வேண்டாம் என்றால், என்ன காரணம் சொல்கிறார் என்று எனக்கு எழுதுங்கள்.