தஞ்சாவூர் பெயின்டிங் ஹாபியா பண்றேன், இதை சின்ன பிசினஸா மாத்த முடியுமா? எங்க ஆரம்பிக்கிறது?

தாராளமா முடியும். நான் கோயம்புத்தூர்ல வீட்ல இருந்தே இதைத்தான் பண்றேன், ஆர்டர் பெரும்பாலும் ஒருத்தர் சொல்லி இன்னொருத்தர்னுதான் வருது. ஆனா இன்ஸ்டா பேஜ், லோகோன்னு அங்க இருந்து ஆரம்பிக்காதீங்க, அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். இதை வாங்குறவங்கள்ல நிறைய பேர் பூஜை ரூம்ல வைக்கத்தான் வாங்குறாங்க, புள்ளைங்க காலம் வரைக்கும் இருக்கணும்னு நினைச்சு காசு குடுக்குறாங்க, அதை மனசுல வச்சுதான் மத்த எல்லாத்தையும் முடிவு பண்ணணும்.

முதல்ல ஃபாயில், அதாவது படத்து மேல ஒட்டுற தங்கத் தகடு. 22 கேரட் ஃபாயிலும் இமிடேஷனும் ஒட்டின அன்னைக்கு ஒரே மாதிரிதான் மின்னும், போகப்போக இமிடேஷன் கருத்துடும். பட்ஜெட் கம்மின்னு சொல்றவங்களுக்கு படத்தோட சைஸைக் குறைச்சுக் குடுங்க, தங்கத்தை மாத்தாதீங்க. மக் வேலையும், அதாவது நகை, தூண் மாதிரி இடங்களை மேடா எழுப்புறதும், அப்படித்தான், சாக் பவுடரையும் கோந்தையும் தோசை மாவு பதத்துக்குக் கலந்து மெல்லிசா ஒரு தடவ வச்சு, அது நல்லா காய்ஞ்சப்புறம்தான் மேல அடுத்தது வைக்கணும், அவசரப்பட்டு ஒரே தடவையில மொத்தமா ஏத்தினா பின்னாடி விரிசல் விடும், அந்த விரிசல் ஃபாயிலுக்கு மேலயும் தெரியும். ஆர்டர் எடுக்கும்போதே காயற நேரத்தையும் சேத்து டேட் சொல்லுங்க.

அடுத்தது, எனக்கு ரொம்ப முக்கியமா படுறது. இந்தக் கலை மராட்டிய மன்னர்கள் காலத்துல, குறிப்பா ரெண்டாம் சரபோஜி காலத்துல நல்லா வளர்ந்தது, ராஜுன்னு சொல்ற ஓவியர் சமூகத்துக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையா பண்ணிட்டு வந்தது. ஒரு தடவையாவது தஞ்சாவூர் போய் சரஸ்வதி மகால் நூலகத்துல இருக்கிற பழைய படங்களைப் பாருங்க, முடியலன்னா எழும்பூர் மியூசியம் போங்க. பழைய படங்கள்ல குட்டிக் கிருஷ்ணர் நிறைய இடத்துல வெளுப்பாதான் இருப்பார், கொழுகொழுன்னு இருப்பார். கஸ்டமர் "ஏங்க நீலமா இல்ல"ன்னு கேப்பாங்க, அப்ப அது இந்தப் பாணியோட வழக்கம்னு சொல்லத் தெரியணும், அந்த ரெண்டு நிமிஷப் பேச்சுலயே அவங்களுக்கு நம்பிக்கை வந்துடும்.

எனக்கு இப்ப வர்ற ஆர்டர்ல மனசுக்குப் புடிச்சது குலதெய்வம் படம்தான். கடையில ராமர் பட்டாபிஷேகம், கஜலட்சுமி எல்லாம் கிடைக்கும், அவங்க ஊரு அங்காளம்மனோ அய்யனாரோ கிடைக்காது. இதுக்கு கூகுள்ல படம் தேடி வரையாதீங்க, ஒவ்வொரு கோயில்லயும் அம்மன் உக்காந்திருக்கிற விதம், எந்தக் கையில சூலம், எந்தக் கையில கபாலம், எல்லாமே மாறும். அந்த வீட்டுப் பெரியவங்ககிட்டயும் கோயில் பூசாரிகிட்டயும் கேட்டுட்டு பென்சில் ஸ்கெட்ச் போட்டு வாட்ஸ்அப்ல அனுப்பி ஓகே வாங்கினப்புறம்தான் பலகையில ஏத்துறேன். பெரியம்மா ஒருத்தங்க ஸ்கெட்ச்சைப் பாத்துட்டு "எங்க ஆத்தாளுக்கு மூக்குத்தி இந்தப் பக்கம் கண்ணு"ன்னு போன் பண்ணி சொன்னாங்க, இந்த மாதிரி விஷயம் எந்த புக்லயும் இருக்காது.

பேர் விஷயத்துலயும் கவனமா இருங்க. தஞ்சாவூர் ஓவியத்துக்கு புவிசார் குறியீடு இருக்கு, அதாவது அந்தப் பேர் அந்த ஊர்ப் பக்கத்துப் பொருளுக்குன்னு பதிவாகியிருக்கு, வேற ஊர்ல உக்காந்து பண்ற நான் பில்லுல "தஞ்சாவூர் பாணி ஓவியம்"னுதான் போடுறேன், யாரும் இதனால ஆர்டரை கேன்சல் பண்ணல. பெரிய சைஸ் வந்தா பலகை, துணி ஒட்டுற வேலையை தஞ்சாவூர்ல இருக்கிற கைவினைஞர்கிட்டயே குடுத்துடுறேன், அவங்களுக்கும் வேலை, எனக்கும் தரம்.

விலை போடும்போது ஃபாயில், கல்லு, ஃப்ரேம் கணக்கோட உங்க கைக்கூலியையும் ஒரு நாள் சம்பளம் மாதிரி கண்டிப்பா சேருங்க, "வீட்ல சும்மாதான இருக்கேன்"னு அதை விட்டா ரொம்ப நாள் ஓடாது, இதையே நம்பி இருக்கிற கைவினைஞர்களோட விலையையும் நீங்க கெடுத்த மாதிரி ஆயிடும். பாதி பணம் அட்வான்ஸா வாங்கிடுங்க. சின்னத் தொழில் பண்றவங்களுக்கான மத்திய அரசோட உத்யம் பதிவு ஆன்லைன்ல இலவசம், மத்திய அரசோட கைவினைஞர் அடையாள அட்டைக்கும் அப்ளை பண்ணிடுங்க, கண்காட்சியில ஸ்டால் கேக்கும்போது உதவும்.

வெளியூருக்கு அனுப்புறதா இருந்தா கண்ணாடிக்குப் பதிலா அக்ரிலிக் போட்டு அனுப்புங்க, வழியில கண்ணாடி உடைஞ்சா ஃபாயில்ல கீறல் விழும். நவராத்திரிக்கு வேணும்னு கேக்குறவங்களுக்கு ஆடி மாசத்தோட புக்கிங்கை மூடிடுங்க.