மவுஸ் இருக்கும்போது டெர்மினல் எதற்கு?

கேள்வி: எல்லாவற்றுக்கும் ஆப் வந்துவிட்ட பிறகும் சிலர் லினக்ஸ் டெர்மினலே கதி என்று இருக்கிறார்களே, அதில் அப்படி என்ன இருக்கிறது?

நான் கணினித் துறை ஆள் இல்லை. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு ஜவ்வரிசி மண்டியில் கணக்குப் பார்க்கிறேன். டெர்மினல், அதாவது மவுஸால் அழுத்தாமல் கட்டளைகளை எழுத்தாகத் தட்டிக் கணினியை வேலை வாங்கும் திரை, எனக்குப் பொழுதுபோக்கு. ராத்திரி சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தால் நேரம் போவதே தெரியாது.

என்னை முதலில் இழுத்தது பைப் என்கிற அந்தச் செங்குத்துக் கோடு. ஒரு கட்டளை தரும் விடையை அப்படியே அடுத்த கட்டளையிடம் கொடுத்துவிடும். பெல் ஆய்வகத்தில் டக் மெக்கில்ராய் விடாமல் வற்புறுத்தி வந்த யோசனை இது. கென் தாம்சன் 1973இல் யுனிக்ஸ் என்ற இயங்குதளத்தில் சேர்த்தார்; லினக்ஸ் அதன் வழியில் வந்தது.

எங்கள் லோடு விவரமெல்லாம் ஒரு சிஎஸ்வி கோப்பில், அதாவது காற்புள்ளி போட்டுப் பிரித்த எழுத்து அட்டவணையில், இருக்கிறது. எந்த ஊர் சேகோ ஆலையிலிருந்து அதிக லோடு வந்தது என்று பார்க்க வேண்டும், சரியா? 'கட்' ஊர்ப் பெயரை மட்டும் பிரித்தெடுக்கும். 'சார்ட்' ஒரே பெயர்களைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தும். 'யூனிக்' எண்ணிச் சொல்லும். அது அடுத்தடுத்த வரிகளை மட்டுமே ஒப்பிடும் என்பதால்தான் அதற்கு முன்னால் சார்ட் போடுகிறோம். கடைசியில் இன்னொரு சார்ட்டை எண் வரிசையில் தலைகீழாகப் போட்டால் ஆத்தூரா ராசிபுரமா என்பது முதல் வரியிலேயே தெரிந்துவிடும். ஒவ்வொன்றும் செய்வது சின்ன வேலைதான், சேர்த்துக் கோப்பது நம் கையில். அந்த ஒரு வரியை எழுதி வைத்துக்கொண்டால் அடுத்த மாசக் கணக்கும் முடிந்தது. வேறு மண்டிக்காரர் கேட்டால் வாட்ஸப்பில் அனுப்பிவிடலாம். மவுஸை எங்கே எங்கே அழுத்தினேன் என்பதை அப்படி அனுப்ப முடியுமா?

அப்புறம் ஏற்காடு. என் மச்சான் அங்கே ஒரு காபி எஸ்டேட் அலுவலகத்தில் இருக்கிறார். மழைக்காலத்தில் சிக்னல் வரும், போகும். அவர் கணினியை இங்கிருந்தே எஸ்எஸ்ஹெச் வழியாக, அதாவது தொலைவில் இருக்கும் கணினியின் டெர்மினலுக்குள் பாதுகாப்பாக நுழையும் வழியில், பார்த்துக்கொள்கிறேன். போய் வருவது வெறும் எழுத்து என்பதால் சுமாரான இணைப்பே போதும். டீமக்ஸ் என்று ஒன்று உண்டு; நடுவில் இணைப்பு அறுந்தாலும் அதற்குள் விட்ட வேலை அந்தக் கணினியில் ஓடிக்கொண்டே இருக்கும், திரும்ப நுழைந்து விட்ட இடத்திலிருந்து தொடரலாம். பேக்கப்புக்கு ஆர்சிங்க். ஆண்ட்ரூ டிரிட்ஜலும் பால் மெக்கரஸும் 1996இல் வெளியிட்டது. கோப்பைத் துண்டுகளாகப் பார்த்து, மாறிய துண்டுகளை மட்டும் அனுப்பும். இவ்வளவு அழகான யோசனையை நான் வேறு எந்த மென்பொருளிலும் பார்த்ததில்லை.

இவை எதற்கும் காசு கிடையாது. ஆனால் எனக்கு அதைவிடப் பெரிசு, இவை கட்டற்ற மென்பொருள் என்பது. 1983இல் ரிச்சர்ட் ஸ்டால்மன், கட்டற்ற மென்பொருளாலேயே ஓர் இயங்குதளம் உருவாக்கும் குனூ திட்டத்தை அறிவித்தார். கட்டற்ற மென்பொருள் என்றால் எதற்கும் பயன்படுத்தலாம், உள்ளே படித்து மாற்றலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம், மாற்றியதையும் கொடுக்கலாம். ஹெல்சிங்கியில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் எழுதத் தொடங்கிய லினக்ஸ் கெர்னல், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதி, அதோடு சேர்ந்ததும் ஒரு முழு இயங்குதளமே கிடைத்தது. மண்டிக் கணக்குப் பார்க்கிற நான் 'கட்' கட்டளையின் மூல நிரலை இறக்கிப் படித்திருக்கிறேன். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. அந்த உரிமையை நினைத்தால் இன்றைக்கும் பெருமையாக இருக்கிறது.

தமிழுக்கு ஒரு குறை உண்டு. பல டெர்மினல்களில் கொம்பும் காலும் எழுத்தோடு ஒட்டாமல் தள்ளித் தெரியும். எல்லா எழுத்தையும் ஒரே அளவுக் கட்டங்களில் அடைக்கப் பார்ப்பதுதான் காரணம். திரையில் அப்படித் தெரிந்தாலும் கோப்பில் யூனிகோடு ஒழுங்காகவே இருக்கும். 'கிரெப்' போட்டுத் தமிழில் தாராளமாகத் தேடலாம்.

தொடங்க ஆசை இருந்தால், பரணில் கிடக்கும் பழைய லேப்டாப்பில் டெபியன் என்ற லினக்ஸ் வகையைப் போடுங்கள். 'மேன்' என்று தட்டிக் கட்டளையின் பெயரைப் போட்டால் நெட் இல்லாமலே கையேடு வரும். தமிழில் படிக்க கணியம் தளத்தில் பாடங்கள் இருக்கின்றன. 'ஆர்எம்' கட்டளையில் மட்டும் நிதானம் வேண்டும். அது அழித்த கோப்பு குப்பைத் தொட்டிக்கெல்லாம் போகாது. பழகும்வரை கூடவே 'மைனஸ் ஐ' சேர்த்துக்கொள்ளுங்கள், ஒவ்வொரு கோப்புக்கும் உங்களைக் கேட்டுவிட்டுத்தான் அழிக்கும்.