வாசகர் கேள்வி – பதில்: சித்தப்பா வீட்டில் தங்கி இங்கிலாந்தில் பள்ளிப்படிப்பு முடியுமா?

கேள்வி: என் மகனுக்கு 15 வயது, பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதியிருக்கிறான். என் தம்பி மூன்று ஆண்டுகளாக வேலை விசாவில் குடும்பத்துடன் இங்கிலாந்தில் இருக்கிறான். “அங்கே அரசுப் பள்ளியில் கட்டணமே இல்லை அண்ணா, பையனைச் சுற்றுலா விசாவில் அனுப்பிவிடுங்கள், வந்த பிறகு சேர்த்துக்கொள்ளலாம்” என்கிறான். நான் விசாரித்த முகவரும் அதையே சொல்லி முன்பணம் கேட்கிறார். அனுப்பலாமா? முறையான வழி என்ன?
— ஒரு தந்தை, காவேரிப்பட்டணம்

பதில்: அனுப்ப வேண்டாம், முன்பணமும் கொடுக்க வேண்டாம். உங்கள் தம்பியின் பிள்ளைகள் அங்கே அரசுப் பள்ளியில் கட்டணமின்றிப் படிக்கிறார்கள் என்றால், பெற்றோரைச் சார்ந்த விசாவில் அவர்கள் அங்கே குடியிருப்பதுதான் காரணம். அந்த உரிமை அண்ணன் மகனுக்கு வராது. சுற்றுலா விசாவில் போகும் சிறுவன் கோடை விடுமுறையைச் சித்தப்பா வீட்டில் கழித்துத் திரும்பலாமே தவிர, அரசுப் பள்ளியில் சேர முடியாது. உண்மை நோக்கத்தை மறைத்து விசா வாங்கினால் அந்தக் கறை பையனின் பெயரில்தான் நிற்கும். நாளை கல்லூரிப் படிப்புக்கு அவன் விண்ணப்பிக்கும்போது அதற்கு அவனே பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

முறையான வழி, 4 முதல் 17 வயது வரை உள்ளவர்களுக்கான ‘சைல்டு ஸ்டூடன்ட்’ விசா. இது கட்டணம் வாங்கும் தனியார் பள்ளிகளுக்கு மட்டுமே உரியது; அந்தப் பள்ளியும் வெளிநாட்டு மாணவர்களைச் சேர்க்கும் உரிமம் பெற்றிருக்க வேண்டும். உரிமம் பெற்ற நிறுவனங்களின் பட்டியலைப் பிரிட்டன் அரசே வெளியிடுகிறது என்பதால், முகவர் சொல்லும் பள்ளியின் பெயர் அதில் இருக்கிறதா என்பதை நீங்களே பார்த்துவிடலாம். பள்ளி தன் தேர்வையும் நேர்காணலையும் நடத்தி இடம் கொடுத்த பிறகு, சி.ஏ.எஸ். என்னும் சேர்க்கை உறுதி எண்ணை அனுப்பும். அந்த எண் இல்லாமல் விண்ணப்பிக்க முடியாது. எண் கைக்கு வந்த ஆறு மாதத்துக்குள் அதைப் பயன்படுத்திவிட வேண்டும். இந்த விசாவுக்கு ஆங்கிலத் தேர்வுச் சான்றைக் குடியேற்ற விதிகள் கேட்பதில்லை. ஆகவே ‘விசாவுக்கு ஐ.இ.எல்.டி.எஸ். கட்டாயம்’ என்று யாராவது பயிற்சிக் கட்டணம் கேட்டால் யோசித்துக் கொடுங்கள்.

அடுத்தது, பையன் எங்கே தங்குவான் என்பது. உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்குக் கவலை தந்த இடம் இதுதான். பெற்றோர் அல்லாத நெருங்கிய உறவினர் வீட்டில் தங்க வைப்பதானால், அந்த உறவினர் பிரிட்டன் குடியுரிமையோ நிரந்தரக் குடியிருப்பு உரிமையோ பெற்றவராக இருக்க வேண்டும். வேலை விசாவில் இருக்கும் உங்கள் தம்பிக்கு அந்தத் தகுதி இன்னும் வரவில்லை. எனவே இப்போதைக்கு உங்கள் முன் இருக்கும் முக்கியமான வழி விடுதியுடன் கூடிய பள்ளிதான். அதன் செலவு பெரியது. 2025 ஜனவரி 1 முதல் தனியார் பள்ளிக் கட்டணத்துக்கும் விடுதிக் கட்டணத்துக்கும் 20 சதவீத வாட் வரி விதிக்கப்படுவதால், தெரிந்தவர்கள் சொல்லும் பழைய கணக்கை நம்பாமல் பள்ளியிடமே இந்த ஆண்டின் தொகையை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். விசாக் கட்டணம் தவிர, சுகாதாரக் கூடுதல் கட்டணமாக ஆண்டுக்கு 776 பவுண்டு வீதம், விசாக் காலம் முழுமைக்கும் முன்பே கட்ட வேண்டும்.

ஓர் ஆண்டுக்கான படிப்புக் கட்டணமும் விடுதிக் கட்டணமும், பள்ளிக்கு ஏற்கெனவே செலுத்தியது போக, உங்கள் கணக்கிலோ மகன் கணக்கிலோ தொடர்ந்து 28 நாள் இருக்க வேண்டும். அந்த 28ஆம் நாள், விண்ணப்பிக்கும் தேதிக்கு முந்தைய 31 நாளுக்குள் வர வேண்டும். மாந்தோப்பின் பட்டாவையோ நகையின் மதிப்பையோ காட்டிப் பயனில்லை. பாலக்கோட்டிலிருந்து வந்த ஒரு தாயார் என் மேசையில் பாஸ்புக்கை விரித்து வைத்தது நினைவிருக்கிறது. இருபது நாள் சரியாக இருந்த இருப்பு, தக்காளித் தோட்டத்துச் சொட்டுநீர்க் குழாய்க்காக எடுத்த பணத்தால் இரண்டே நாள் குறைந்திருந்தது. மூன்றாம் நாள் பணத்தைத் திரும்பப் போட்டுவிட்டார்கள், ஆனாலும் கணக்கை முதல் நாளிலிருந்து எண்ண வேண்டியதாயிற்று. அந்த 28 நாளும் ஏ.டி.எம். அட்டையைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுங்கள்.

ஆறு மாதத்துக்கு மேல் தங்கப் போவதால் காசநோய்ப் பரிசோதனைச் சான்றும் தேவை. அதைப் பிரிட்டன் அரசு அங்கீகரித்த மருத்துவ மையத்தில்தான் எடுக்க வேண்டும்; உள்ளூரில் எடுத்த எக்ஸ்ரே செல்லாது. கைரேகைப் பதிவுக்கு உங்களுக்குச் சென்னையைவிடப் பெங்களூரு பக்கம். அன்று பெரியவர் ஒருவர் மகனுடன் போக வேண்டும். படிப்பு தொடங்குவதற்கு ஆறு மாதத்துக்கு முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். முடிவு பொதுவாக மூன்று வாரத்தில் தெரியும்.

இவ்வளவுக்கும் முன்னால் மகனை உட்கார வைத்துப் பேசினீர்களா என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. சித்தப்பா வீடு என்று நினைத்துச் சம்மதித்தவன், விடுதி என்றால் என்ன சொல்வான் என்று தயவுசெய்து கேளுங்கள்.

கேள்வி: மகளின் பிறப்புச் சான்றிதழில் என் பெயர் ‘லட்சுமி’; என் ஆதாரிலும் பாஸ்போர்ட்டிலும் ‘விஜயலட்சுமி’. அவளுடைய இங்கிலாந்து மாணவர் விசாவுக்கு இது தடையாகுமா?
— ஒரு தாய், அரூர்

பதில்: ஆகக்கூடும். பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளைக்குப் பெற்றோர் இருவரும் கையெழுத்திட்ட சம்மதக் கடிதம் வேண்டும். கையெழுத்திட்டவர்தான் தாய் என்பதற்குப் பிறப்புச் சான்றிதழே ஆதாரம். வீட்டில் அழைக்கும் பெயரைப் பிரசவத்தின்போது யாரோ சொல்லிப் பதிந்த சான்றிதழ்கள் நம் பக்கத்தில் ஏராளம். பிறப்பைப் பதிந்த அலுவலகத்தில் இப்போதே திருத்தத்துக்கு விண்ணப்பியுங்கள். சான்றிதழ் தமிழில் மட்டும் இருந்தால், மொழிபெயர்த்தவரின் பெயர், கையெழுத்து, தேதி, தொடர்பு விவரங்களோடு ஆங்கில மொழிபெயர்ப்பையும் இணைக்க வேண்டும். மகளின் பெயரைப் பொறுத்தவரை, பள்ளிச் சான்றிதழில் இனிஷியலும் பாஸ்போர்ட்டில் தந்தையின் முழுப்பெயரும் இருந்தால், வெளிநாட்டுப் பள்ளிக்கு அனுப்பும் முதல் படிவத்திலிருந்தே பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து எழுதுங்கள்.