நல்ல கண்ணை ஏன் மூட வேண்டும்?

கேள்வி: என் மகளுக்கு ஆறு வயது. இடது கண் ‘சோம்பேறிக் கண்’ என்கிறார் டாக்டர். கண்ணாடி போட்டும் தெளியவில்லை. நன்றாகத் தெரிகிற வலது கண்ணைத் தினம் இரண்டு மணி நேரம் மூடச் சொல்கிறார். கோளாறு கண்ணில் இல்லை, மூளையில் என்கிறார். இதைப் பூனைகளை வைத்துக் கண்டுபிடித்தார்களாம். பயமாக இருக்கிறது டாக்டரம்மா.
– ஒரு வாசகி, கரூர்

பதில்: மூளை என்றதும் பயந்துவிடாதீர்கள் அம்மா. கட்டியோ காயமோ எதுவும் இல்லை. கண்ணிலிருந்து வரும் நரம்பு நேரே பார்வைப் புறணிக்கு, அதாவது பின்மண்டையில் பார்வையைக் கவனிக்கும் மூளைப் பகுதிக்குப் போவதில்லை. நடுவில் தலாமஸ் என்ற மூளைப் பகுதியில் நின்று, அங்குள்ள செல்கள் வழியாகத்தான் செய்தி பின்மண்டைக்குப் போகிறது. தலாமஸில் இரண்டு கண்ணுக்கும் தனித்தனி அடுக்கு. இரண்டும் ஒன்று சேர்வது புறணியில்தான். உங்கள் மகளுக்குப் பலவீனம் அந்தக் கடைசி இணைப்பில்.

நல்ல கண்ணை மூடும் வைத்தியம் பழசு; பிரான்ஸில் பூஃபோன் என்ற இயற்கை விஞ்ஞானி 1743லேயே எழுதிவிட்டார். அது ஏன் பலிக்கிறது என்பதைத்தான் பூனைகள் காட்டின. ஹார்வர்டில் ஹ்யூபெல், வீசெல் என்ற விஞ்ஞானிகள் இருவரும் பூனைக்குட்டிகளின் ஒரு கண் இமையைத் தைத்து மூடி, இரண்டு மூன்று மாதம் கழித்துத் திறந்து பார்த்தார்கள். 1963ல் வந்த முடிவு இது: தலாமஸ் செல்கள் சிறுத்திருந்தாலும் பெரும்பாலும் வெளிச்சத்துக்குப் பதில் தந்தன. புறணியிலோ, சோதித்த 84 செல்களில் மூடிய கண்ணுக்குப் பதில் தந்தது ஒன்றே ஒன்று. வளர்ந்த பூனைக்கு இப்படி ஆகவில்லை.

அப்புறம் இரண்டு கண்ணையும் மூடிப் பார்த்தார்கள். இரண்டுமே போயிருக்கும் என்றுதானே நினைப்போம்? இல்லை, பாதிக்கு மேற்பட்ட செல்கள் பதில் தந்தன! அப்படியானால் ஒரு கண்ணை மூடியபோது வந்தது, வெறுமனே பயன்படுத்தாததால் வந்த நஷ்டம் அல்ல. திறந்திருந்த கண் இடத்தைப் பிடித்துக்கொண்டதால் வந்தது. வகுப்பில் இதற்காக ஒரே பந்தலில் ஏறும் அவரைக் கொடியையும் புடலங்கொடியையும் வரைந்து காட்டுவேன். ஒன்று சவலையானால் மற்றது பந்தல் முழுக்கப் படர்ந்துவிடும்.

1974ல் கேம்பிரிட்ஜில் பிளேக்மோரும் வான் ஸ்லூய்ட்டர்ஸும் உங்கள் டாக்டர் சொல்வதையே குட்டிகளிடம் செய்தார்கள்: மூடிய கண்ணைத் திறந்து, மற்றதை மூடினார்கள். ஐந்து வாரக் குட்டியில் செல்கள் ஏறக்குறைய முழுக்க, முதலில் மூடியிருந்த கண்ணின் பக்கம் வந்துவிட்டன. 14 வாரத்தில் செய்தபோது அநேகமாக மாற்றமே இல்லை. மனிதக் குழந்தைக்கு இந்த அவகாசம் வருடக் கணக்கில் உண்டு. ஆறு வயது நல்ல வயது.

அந்தக் குட்டிகளை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு கனக்கும். கண்புரையோடு பிறக்கும் குழந்தைக்குச் சில வாரங்களிலேயே ஆபரேஷன் செய்ய அவசரப்படுகிறோமே, அதற்கு அவையும் காரணம்.

என் அண்ணன் பேரன் ஐந்து வயதில் கண் பட்டையைப் பிய்த்துப் பிய்த்து எறிந்தான். அவன் அம்மா முறத்தில் துவரம்பருப்பைக் கொட்டிக் கல் பொறுக்க உட்கார வைத்தாள். பட்டை ஞாபகமே அவனுக்கு வரவில்லை. நீங்களும் கிட்டத்தில் பார்த்துச் செய்யும் வேலையாகக் கொடுங்கள். சீக்கிரம் குணமாகட்டும் என்று நினைத்து, டாக்டர் சொன்ன நேரத்துக்கு மேல் மட்டும் மூடாதீர்கள். பந்தலில் வலது கண்ணின் கொடியும் வாடக்கூடும். ஒவ்வொரு முறை போகும்போதும் அந்தக் கண்ணையும் சோதிக்கச் சொல்லுங்கள்.